மீன் பிடிக்கிற பாட்டை அசை பிரிச்சு ஓசை பாக்குறது எப்படி

நான் இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம் ஓ எல் பரீட்சை எழுதுற பிள்ளைங்களுக்கு தமிழ் சொல்லிக் குடுக்குறேன். ஒரு கவிதைய குடுத்து இதோட யாப்ப, அதாவது செய்யுள் கட்டியிருக்குற விதத்த பத்தி எழுதுங்கன்னு சொன்னா கொப்பியில முதல் வரியே "இக்கவிதையில் எதுகை, மோனை சிறப்பாக அமைந்துள்ளன"ன்னு வந்துரும், அதோட முடிஞ்சிரும். எங்க அமைஞ்சிருக்கு, அமைஞ்சதால என்ன ஆச்சுன்னு ஒரு சொல் கூட இருக்காது. நானும் படிக்கிற காலத்துல அப்படித்தான் எழுதினேன், அதுக்கு மார்க்ஸும் போட்டாங்க, ஆனா அந்தப் பாட்டு ஒண்ணு கூட இன்னைக்கு ஞாபகத்துல இல்ல. அதனாலதான் ஒரு முழு பாட்டை எடுத்து முதல்ல இருந்து கடைசி வரைக்கும் எப்படி பிரிச்சு பாக்குறதுன்னு இங்க எழுதுறேன்.

மீன் பிடிக்கிற பாட்டை எடுத்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. தூண்டில் போடுறதுல ரெண்டே வேலைதான், காத்திருக்குறது ஒண்ணு, வெடுக்குன்னு இழுக்குறது ஒண்ணு. ரொம்ப மெதுவும் ரொம்ப வேகமும் ஒரே பாட்டுக்குள்ள வரணும். அத அர்த்தத்துல மட்டும் சொன்னா பத்தாது, ஓசையிலயும் வரணும். வந்திருக்கா இல்லையான்னு காதாலயே கண்டுபிடிச்சிரலாம், அதனால யாப்பு பழகுறவங்களுக்கு இத விட நல்ல பாட்டு கிடைக்காது.

கீழ இருக்குறது பிள்ளைங்களுக்கு பழக்குறதுக்குன்னே நான் கட்டினது. எங்க ஊர் மவுசாக்கலை நீர்த்தேக்கம்தான் இடம். 1969ல அணை கட்டி முடிச்சப்ப பழைய மஸ்கெலியா டவுனே தண்ணிக்குள்ள போயிருச்சு, மழை இல்லாத காலத்துல தண்ணி இறங்குனா பழைய கோயில் வெளிய தெரியும், ஹட்டன்ல இருந்தெல்லாம் பஸ் ஏறி பாக்க வருவாங்க. அது தெரியாம படிச்சா கடைசி அடி புரியாது.

காலைப் பனியில் கரையோ ரத்தில்
மூலைப் பாறை முதுகில் நின்று
தூண்டில் போட்டுத் துணையே இன்றி
நீண்ட நேரம் நீரைப் பார்த்தேன்
தக்கை அமிழ்ந்தது சடுதியில் இழுத்தது
சிக்கிய கெண்டை சிலிர்க்க
நீருள் கோயில் நெளிந்து கலைந்ததே

முதல்ல பென்சில கீழ வைங்க. வாய் விட்டு மூணு தரம் படிங்க, முழங்கால்ல கையால தட்டிக்கிட்டே படிங்க. முதல் தரம் அர்த்தத்துக்கு, ரெண்டாவது தரம் தாளத்துக்கு, மூணாவது தரம் எங்க நாக்கு ஓடுது, எங்க நாக்கு நின்னு நின்னு போகுதுன்னு பாக்குறதுக்கு. நாக்கு ஓடுற வரிக்கு பக்கத்துல ஒரு புள்ளி, நிக்கிற வரிக்கு பக்கத்துல ஒரு கோடு, அவ்வளவுதான் போடணும். இத விட்டுட்டு நேரா அசை பிரிக்கப் போறவங்கதான் பாதி வழியில குழம்பிப் போறாங்க, ஏன்னா எதை தேடுறோம்னே தெரியாம பிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. என் பிள்ளைங்கள்ல முக்காவாசிப் பேர் நாலாவது அடிக்கு கோடும் அஞ்சாவது அடிக்கு புள்ளியும் போட்டாங்க, அவங்களுக்கு அப்ப நேர் நிரை ஒண்ணுமே தெரியாது.

இப்ப அசை, அதாவது சொல்லுறப்ப ஓசை பிரியுற சின்னத் துண்டு. நேர், நிரைன்னு ரெண்டு வகை, அசைங்க சேர்ந்தா ஒரு சீர், சீருங்க சேர்ந்தா ஒரு அடி. புத்தகத்துல எட்டு விதமா போட்டிருக்கும், மனப்பாடம் பண்ண கஷ்டமா இருக்குன்னா இப்படி வச்சுக்கங்க. சீரோட முதல் எழுத்து நெடில்னா அங்கயே நேர் ஆச்சு, பின்னால புள்ளி வச்ச எழுத்து வந்தா அதையும் சேர்த்துக்கங்க. முதல் எழுத்து குறில்னா அடுத்தத பாருங்க, புள்ளி வச்ச எழுத்து வந்தா நேர், உயிர்மெய் வந்தா குறிலோ நெடிலோ ரெண்டையும் சேர்த்து நிரை, அதுக்கு பின்னால வர்ற புள்ளியும் அதுக்குள்ளயே அடக்கம். கடைசியில சேர ஆளில்லாம ஒரு குறில் தனியா நின்னா அது நேர். மிச்சம் இருக்குற எழுத்துக்கும் இதே மாதிரி திரும்ப திரும்ப செஞ்சுக்கிட்டு போகணும்.

"அமிழ்ந்தது"ங்கிறத எடுங்க. அ குறில், அடுத்தது மி உயிர்மெய், அப்ப ரெண்டும் சேரும், பின்னால ழ், ந் ரெண்டு ஒற்று, அதுவும் உள்ள. அமிழ்ந் ஒரு நிரை. மிச்சம் தது, குறிலும் குறிலும், நிரை. நிரை நிரைன்னா கருவிளம். "நீண்ட"ங்கிறத எடுங்க. நீண் நேர், ட தனியா நிக்குது, நேர். நேர் நேர்னா தேமா. நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம். இந்த நாலு பேரும் தெரிஞ்சா இந்தப் பாட்டு முழுக்க பிரிச்சிரலாம், மூணு அசை சீர் இதுல இல்ல.

ஒரு இடத்துல எல்லாரும் தடுக்கி விழுவாங்க, முதல் அடி. "கரையோரத்தில்" ஒரே சொல், ஆனா பாட்டுல "கரையோ ரத்தில்"னு வெட்டி எழுதியிருக்கு. பிழையா எழுதிட்டாங்கன்னு நினைச்சு சேர்த்துராதீங்க. சொல் வேற, சீர் வேற. ஓசைக்காக ஒரு சொல்ல நடுவுல வெட்டி ரெண்டு சீருக்கு குடுக்குறதுக்கு வகையுளின்னு பேர். சேர்த்து எழுதினீங்கன்னா அந்த அடியில மூணு சீர்தான் வரும், அடுத்து என்ன பாவகைன்னு பாக்குறப்ப எல்லாமே பிழைச்சுப் போகும்.

சரி, இப்ப நாலாவது அடியையும் அஞ்சாவது அடியையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதுங்க. இதுதான் இந்தப் பாட்டோட உயிர், இங்க நேரம் எடுத்துக்கங்க.

நீண் / ட, நே / ரம், நீ / ரைப், பார்த் / தேன். தேமா, தேமா, தேமா, தேமா. எட்டு அசை, எட்டும் நேர்.

தக் / கை, அமிழ்ந் / தது, சடு / தியில், இழுத் / தது. தேமா, கருவிளம், கருவிளம், கருவிளம். எட்டு அசை, முதல் ரெண்டு நேர், மிச்சம் ஆறும் நிரை.

ரெண்டு அடியிலயும் நாலு சீர்தான், எட்டு அசைதான், ஆனா புள்ளி எழுத்த விட்டுட்டு மத்த எழுத்த எண்ணிப் பாருங்க. நாலாவது அடியில எட்டே எட்டு, அஞ்சாவது அடியில பதினாலு. அதே நேரத்துக்குள்ள பதினாலு எழுத்த சொல்லணும்னா நாக்கு ஓடித்தானே ஆகணும். நாலாவது அடியில நீ, நே, நீ, ரை, பா, தேன்னு ஆறு நெடில் வேற, ஒவ்வொண்ணும் இழுத்து இழுத்து நிக்குது, பாறை மேல நின்னுக்கிட்டு தக்கையவே பாத்துக்கிட்டு இருக்குறவனுக்கு நேரம் போகாத மாதிரி. அஞ்சாவது அடியில தக்கையில வர்ற கைய விட்டா ஒரு நெடிலும் இல்ல. அந்த அடி தொடங்குறப்ப தக்கை மட்டும் இன்னும் தேமாவா பழைய தாளத்துலயே மிதந்துக்கிட்டு இருக்கு, அமிழ்ந்ததுங்கிற சொல்லுல இருந்துதான் கருவிளம் ஆரம்பிக்குது, தக்கை அமிழுறதும் தாளம் மாறுறதும் ஒரே இடத்துல. கொப்பியில எழுத வேண்டியது இதத்தான். "நாலாவது அடியில் தேமாச் சீர்கள் வந்துள்ளன"ன்னு மட்டும் எழுதுனா அது கணக்கெடுப்பு, அதோட நிக்கக்கூடாது.

அடுத்தது தளை, சீருக்கும் சீருக்கும் நடுவுல இருக்குற மூட்டு. மா முடிஞ்சு நேர்ல தொடங்குனா, விளம் முடிஞ்சு நிரையில தொடங்குனா ஆசிரியத்தளை, ஒரே மாதிரி ஒட்டுது. மா முடிஞ்சு நிரை, விளம் முடிஞ்சு நேர், காய் (மூணு அசையில நேர்ல முடியிற சீர், நிரையில முடிஞ்சா கனி) முடிஞ்சு நேர் வந்தா வெண்டளை. அடியோட கடைசி சீருக்கும் அடுத்த அடியோட முதல் சீருக்கும் நடுவுலயும் பாக்கணும், இத நிறைய பேர் மறந்துருவாங்க. இந்தப் பாட்டுல 27 சீர் இருக்கு, அப்ப 26 மூட்டு. நான் எண்ணினதுல 16 ஆசிரியத்தளை, 10 வெண்டளை. நாலாவது அடியோட நாலு சீரும் அடுத்து வர்ற சீரோட ஆசிரியத்தளையாவே ஒட்டுது, ஒரு மாத்தமும் இல்லாம.

இப்ப என்ன பான்னு சொல்றது லேசு. நாலு சீர் அடி, ஈரசைச் சீர், ஆசிரியத்தளை அதிகமா இருக்கு, வேற தளையும் கலந்திருக்கு, கடைசி எழுத்து ஏ. ஆசிரியப்பா, அகவல்னும் சொல்லுவாங்க. கடைசிக்கு முந்தின அடி மட்டும் மூணு சீர், அதனால நேரிசை ஆசிரியப்பா. எல்லா அடியும் நாலு சீரா இருந்திருந்தா நிலைமண்டில ஆசிரியப்பா. "சிக்கிய கெண்டை சிலிர்க்க"ங்கிற அந்த அடிய வாய் விட்டு சொன்னா நாலாவது சீர் வர வேண்டிய இடத்துல ஒரு சின்ன மூச்சு நிக்கும். இலக்கணப்படி அங்க சீர் குறையணும்ங்கிறது சரிதான், ஆனா அந்தக் குறைய எதுக்கு பயன்படுத்தியிருக்குன்னும் பாருங்க, மீன் தண்ணிக்கு மேல வர்ற அந்த ஒரு நொடி அங்கதான் இருக்கு.

தொடைக்கு, அதாவது எழுத்துங்க ஒத்து வர்ற அழகுக்கு வருவோம். எதுகைன்னா ரெண்டாவது எழுத்து ஒண்ணா வர்றது. கடைசி எழுத்து ஒண்ணா வந்தா அது இயைபு, இங்கிலீஷ் பாட்டு படிச்ச பழக்கத்துல கடைசி எழுத்த தேடிட்டு எதுகையே இல்லைன்னு எழுதுற பிள்ளைங்க இருக்காங்க. இன்னொண்ணு, ரெண்டாவது எழுத்து ஒத்தா மட்டும் பத்தாது, முதல் எழுத்தோட அளவும் ஒக்கணும், குறிலுக்கு குறில், நெடிலுக்கு நெடில். காலை மூலை சரி. தூண்டில் நீண்ட சரி. தக்கை சிக்கிய சரி. தக்கைக்கு சோடியா பாக்கைன்னு போட்டா எதுகை ஆகாது, காதுக்கே பொருந்தாது.

மோனை முதல் எழுத்து. இங்க அதே எழுத்துதான் வரணும்னு இல்ல, இனம் இருக்கு. உயிர்ல அ ஆ ஐ ஔ ஒரு குடும்பம், இ ஈ எ ஏ ஒரு குடும்பம், உ ஊ ஒ ஓ ஒரு குடும்பம். மெய்யில ச, த ரெண்டும் சொந்தம், ஞ, ந சொந்தம், ம, வ சொந்தம். இந்தப் பாட்டுல காலைக்கு கரை, மூலைக்கு முதுகு, தூண்டிலுக்கு துணை, எல்லாம் முதல் சீர்லயும் மூணாவது சீர்லயும் வருது, பொழிப்பு மோனை. அஞ்சாவது அடியில தக்கைக்கு சடுதி, த-வுக்கு ச, இத கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு நான் ரெண்டு மார்க்ஸ் கூட போடுவேன். நாலாவது அடி மட்டும் நீ, நே, நீன்னு முதல் மூணு சீர்லயும் மோனை, அது கூழை மோனை. காத்திருக்குற அடியிலதான் ஒரே சத்தம் திரும்ப திரும்ப வருது, பாத்தீங்களா, அங்க வேற ஒண்ணும் நடக்கலையே.

கடைசி அடிய தனியா பாக்கணும். ரெண்டு ரெண்டு அடியா எதுகை சோடி போட்டுக்கிட்டே வருது, லை, ண், க். ஏழாவது அடிக்கு சோடி இல்ல. போன மாசம் இத கரும்பலகையில எழுதி வச்சப்ப பின் வாங்குல இருந்த ஒரு பொண்ணு எழும்பி "சேர், கோயிலு மட்டும் தனியா நிக்கிது"ன்னு சொன்னா. அந்தப் பிள்ளையோட ஆச்சி பழைய டவுன்ல இருந்தவங்க. நான் எழுதுறப்ப ஏழு அடியில முடிச்சதால அப்படி விழுந்துச்சு, சோடி தேடி எட்டாவது அடி ஒண்ணு எழுதவும் பாத்தேன், நல்லா வரல, விட்டுட்டேன். ஆனா அவ சொன்னது சரி. பாட்டுல இருக்குறத வச்சு காட்ட முடிஞ்சா எழுதினவன் நினைச்சானா இல்லையாங்கிற கேள்வி தேவையில்ல, தைரியமா எழுதுங்க.

வெண்பா வந்தா என்ன செய்யிறதுன்னு கேப்பீங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச குறள் ஒண்ணு, சூது அதிகாரத்துல முதல் குறள், 931.

வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம்
தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று

சூதுல ஜெயிச்சாலும் அது தூண்டில் இரும்ப இரைன்னு நினைச்சு மீன் விழுங்கின மாதிரின்னு சொல்றாரு. தேமாங்காய், கூவிளங்காய், கூவிளம், கூவிளங்காய், தேமாங்காய், கூவிளங்காய், கடைசியில "யற்று" காசுங்கிற வாய்பாடு. ஒவ்வொரு மூட்டும் வெண்டளை, ஒண்ணு கூட தவறல. அகவல்ல தளை கலக்கலாம், வெண்பாவுல கலக்க முடியாது, அதனால வெண்பான்னு சந்தேகம் வந்தா முதல்ல கடைசி சீர பாருங்க, நாள், மலர், காசு, பிறப்பு இந்த நாலுல ஒண்ணா இருக்கணும், பிறகு மூட்டு எல்லாத்தையும் பாருங்க. வேண், தூண் எதுகை. வே, வெ, வெ ஒண்ணு, ரெண்டு, நாலாவது சீர்ல மோனை, அது கீழ்க்கதுவாய். "வென்றதூஉம்"ல அந்த உ எதுக்கு? "வென்றதும்"னு போட்டாலும் தளை கெடாது, நீங்களே பிரிச்சு பாருங்க. ஓசை இனிமைக்காக நீட்டின இன்னிசை அளபெடை அது. ஜெயிச்சதுங்கிற சொல்ல நீட்டி வச்சுட்டு, அடுத்த அடியில தூண்டில காட்டி, யற்றுன்னு வெட்டி நிறுத்திடுறாரு. ரெண்டே அடியில இழுப்பும் வெட்டும், இத எத்தனை தரம் வகுப்புல சொன்னாலும் எனக்கு சலிக்கல.

புதுக்கவிதைக்கு இந்த அசை கணக்கு தேவைப்படாது. வரிய எங்க உடைச்சிருக்கு, எந்த சொல் தனி வரியில நிக்குது, எது திரும்ப வருது, இது மூணும் போதும்.

நாட்டார் பாட்டுதான் கவனமா பாக்கணும், ஏன்னா அதுல "யாப்பு இல்லை"ன்னு எழுதிட்டு போற பழக்கம் ஒண்ணு இருக்கு, அது எனக்கு மனசு பொறுக்காது. நம்ம தோட்டத்து லயத்துல (வரிசை வீடுகள்ல) பாடுற தெம்மாங்கு மெட்டுல ரெண்டு வரி கட்டியிருக்கேன்.

மவுசாக்கல தண்ணியில மண்புழுவ கோத்துவச்சு
மத்தியானம் ஆயிருச்சு மச்சானக் காணலியே

தூண்டில்ல புழுவ கோத்து வச்சுட்டு மச்சானுக்காக காத்துக்கிட்டு இருக்கா ஒருத்தி. இத பேச்சுல எப்படி வருதோ அப்படியே எழுதிப் பிரிங்க, கோர்த்துவைத்துன்னு திருத்தாதீங்க, திருத்துனா ஓசை செத்துரும். தண் / ணியி / ல, கூவிளங்காய். மண் / புழு / வ, கூவிளங்காய். கோத்துவச்சு, மத்தியானம், ஆயிருச்சு, காணலியே எல்லாமே கூவிளங்காய். எட்டு சீர்ல ஆறு. ம-வுல மோனை ரெண்டு வரியிலயும் ஒண்ணாவது மூணாவது சீர்ல. இலக்கணம் படிக்காதவங்க பாட்டுலயும் இந்த ஒழுங்கு தானா வந்து உக்காரும், கையும் காலும் வேலை செய்யிறப்ப தட்டுற தாளம் அது.

அந்த எட்டுல சேராத ரெண்டையும் பாருங்க. "மவுசாக்கல" நிரை நேர் நிரை, புளிமாங்கனி, ஊர்ப் பேரு சீருக்குள்ள அடங்காம பிதுங்குது, பாடுறவங்க மவ்சாக்கலன்னு அமுக்கித்தான் பாடணும். "மச்சானக்" தேமாங்காய், நிரை வர வேண்டிய இடத்துல சா மட்டும் இருக்கு, அத நீட்டித்தான் நிரப்பணும், மச்சா...ன. வரல, வரலங்கிற ஏக்கம் அந்த சா-வுலதான் வந்து உக்காருது. நாட்டார் பாட்டுக்கு இது போதும், பாவகை பேரு தேடாதீங்க, தாளம் எங்க நிறையுது எங்க இழுபடுதுன்னு கை தட்டி சொல்லுங்க. கரையோரத்து மீனவங்க வலை இழுக்குறப்ப பாடுற அம்பா பாட்டுக்கும் இதே வழிதான், அங்க ஏலேலோ வர்ற இடத்துலதான் எல்லாரும் சேர்ந்து இழுப்பாங்க, அதனால ஏலேலோவ வெத்து அசைன்னு தள்ளிடாதீங்க.

திணைய பத்தி ஒரு வார்த்தை. மீன் பிடின்னு பாத்த உடனே நெய்தல்னு எழுதிருவாங்க பிள்ளைங்க. நெய்தல் கடலும் கடல் சார்ந்த இடமும். நம்ம பாட்டு மலையில, பனியில, அணைத் தண்ணியில நடக்குது, மலைன்னா குறிஞ்சி, ஆனா குறிஞ்சியோட உரிப்பொருள், அதாவது காதலர் சேர்றது, இதுல இல்ல. பழைய பெட்டிக்குள்ள திணிக்காம இடத்த இடமாவே எழுதுங்க.

எழுதுறப்ப எப்படி எழுதணும்னு கேட்டா, நான் பிள்ளைங்களுக்கு குடுக்குற மாதிரி இது: "இது ஏழு அடி கொண்ட நேரிசை ஆசிரியப்பா. நான்காம் அடி முழுவதும் தேமாச் சீர்களாலும் பெரும்பாலும் நெடில்களாலும் ஆனதால் காத்திருப்பின் மெதுவான ஓசை கிடைக்கிறது. ஐந்தாம் அடியில் 'அமிழ்ந்தது' என்ற சொல்லிலிருந்து கருவிளச் சீர்கள் தொடர்வதால் ஓசை விரைகிறது. முதல் ஆறு அடிகள் இரண்டிரண்டாக எதுகை பெற, கோயிலைச் சொல்லும் ஏழாம் அடி மட்டும் எதுகையின்றித் தனித்து நிற்கிறது." நாலே வரி. ஒவ்வொரு வரியிலயும் ஒரு பேரு, ஒரு இடம், அது என்ன செய்யுதுன்னு ஒண்ணு. எழுதி முடிச்சதும் பாட்டை இன்னொரு தரம் முழங்கால்ல தட்டி படிச்சு, முதல்ல போட்ட புள்ளியும் கோடும் இதோட ஒத்துப் போகுதான்னு பாத்துக்கங்க. ஒத்துப் போகலைன்னா அசைய திரும்ப பிரிங்க, பிழை அனேகமா அங்கதான் இருக்கும்.